குப்பைக்கு யார் பொறுப்பு: அமெரிக்காவில் தூக்கி எறியும் பழக்கம் வேரூன்றிய வரலாறு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 1960-இல் அந்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் சேர்ந்த திடக்கழிவு 8.81 கோடி டன். 2018-இல் அது 29.24 கோடி டன். இந்தக் காலத்தில் மக்கள்தொகை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.2 கிலோவாக இருந்த குப்பை 2.2 கிலோவைத் தொட்டது. உணவுக்கழிவும் தோட்டக்கழிவும் இதில் கலந்திருப்பதால் மொத்தக் கணக்கு பலவற்றை மறைத்துவிடும். துணியை மட்டும் பிரித்துப் பார்த்தால் 17.6 லட்சம் டன் ஏறத்தாழ 1.7 கோடி டன் ஆகியிருக்கிறது. 1960-இல் அமெரிக்கர்கள் உடுத்தத் துணியில்லாமல் இருக்கவில்லை. பிற்காலத்தில் வந்து குவிந்ததில் பெரும்பகுதி தேவைக்கு வாங்கியது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. செல்வர்கள் தம் நிலையை ஊருக்குக் காட்டவே வீண்செலவு செய்கிறார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பின்பற்றுகிறார்கள் என்றார் தார்ஸ்டைன் வெப்லன். 1899-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் மூலநூல்களில் ஒன்று. விளம்பரக்காரர்கள் மனத்தின் மறைவான ஆசைகளைத் தூண்டி விற்கிறார்கள் என்று 1957-இலும், தொழில்துறை திட்டமிட்டே வீணடிப்பை வளர்க்கிறது என்று 1960-இலும் வான்ஸ் பேக்கார்ட் எழுதினார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பகட்டுக்கு வாங்கியதைக் கூடத்தில் வைத்துக் காட்டுவார்கள். காகிதக் குவளையை வாங்கி எறிவதில் என்ன பகட்டு? விளம்பரம் ஒரு பொருளை வாங்கவைக்கும். எறிந்ததை அள்ளும் செலவை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதில் முழு விடை இல்லை. பயன்படுத்தி முடித்த பொருளின் பொறுப்பு விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கும், அவரிடமிருந்து நகராட்சிக்கும் கைமாறியதே இந்த வரலாற்றின் மையம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கந்தைக்கு விலை இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க வீடுகளில் எறிவதற்கு அதிகம் இருக்கவில்லை. குப்பையின் சமூக வரலாற்றை விரிவாக எழுதிய சூசன் ஸ்ட்ராசர் இதைத் தம் 1999 நூலில் நுணுக்கமாகக் காட்டுகிறார். மிச்சச் சோறு பன்றிக்குப் போனது, கொழுப்பு சோப்பானது, கிழிந்த துணி ஒட்டுப்போர்வையாயிற்று, அதற்கும் ஆகாதது காகித ஆலைக்குப் போனது. அன்று காகிதம் கந்தையிலிருந்துதான் செய்யப்பட்டது. கிராமம் கிராமமாகத் தகரப் பாத்திரம் விற்ற வணிகர், காசுக்குப் பதிலாகக் கந்தையையும் எலும்பையும் வாங்கிக்கொண்டார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த நம் ஊர் வண்டிக்காரரின் அமெரிக்க உறவினர் என்று அவரைச் சொல்லலாம். சரக்கை வீட்டுக்குக் கொண்டுவந்த அதே ஆள் கழிவையும் ஆலைக்குக் கொண்டுபோனார் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியதும் கந்தையின் விலை விழுந்தது. வணிகரின் திரும்பும் பயணத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஒருமுறை மட்டும்

1890-களில் வில்லியம் பெயின்டர் என்பவரின் நிறுவனத்தில் கிங் ஜில்லெட் விற்பனையாளராக இருந்தார். சோடா, பீர் புட்டிகளின் தகர மூடியைக் கண்டுபிடித்தவர் பெயின்டர். ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிடும் பொருள் ஒன்றைக் கண்டுபிடி, வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார் என்று அவர் ஜில்லெட்டுக்குச் சொன்னாராம். மாற்றும் அலகு கொண்ட சவரக் கருவி 1903-இல் விற்பனைக்கு வந்தது. அதைப் பரப்பியது முதல் உலகப்போர்தான். அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக லட்சக்கணக்கில் வாங்கியது. ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள்.

எல்லாவற்றையும் வணிகச் சூழ்ச்சி என்று தள்ளிவிடவும் முடியாது. ரயில்களிலும் பள்ளிகளிலும் எல்லாரும் ஒரே குவளையில் தண்ணீர் குடித்ததால் காசநோய் பரவுகிறது என்று கண்டு, கன்சாஸ் மாநிலம் 1909-இல் பொதுக் குவளைக்குத் தடை விதித்தது. காகிதக் குவளைக்குச் சந்தை திறந்தது அப்படித்தான். அந்த நியாயம் உண்மையானது. ஆனால் நோய்க்காகப் பிறந்த பொருள் நோயோடு நின்றுவிடவில்லை. போர்க்காலக் காயக்கட்டுக்கு மரக்கூழ்ப் பஞ்சு செய்த கிம்பர்லி-கிளார்க் நிறுவனம், போர் முடிந்ததும் தேங்கிய சரக்கை மாதவிடாய்ப் பஞ்சாக 1920-இல் விற்றது; 1924-இல் முகப்பூச்சு துடைக்கும் தாளாகக் கிளீனெக்ஸை இறக்கியது. வாங்கியவர்கள் அதில் மூக்குச் சிந்துகிறார்கள் என்று தெரிந்ததும் விளம்பரம் அந்தப் பக்கம் திரும்பியது. கைக்குட்டை மெல்ல மறைந்தது. மாதவிடாய்ப் பஞ்சு பெண்களுக்குப் பெரிய விடுதலை. கிளீனெக்ஸை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருடத்துக்கு ஒரு கார், ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு விளக்கு

ஹென்றி ஃபோர்டின் மாடல்-டி கார் 1908 முதல் 1927 வரை அடிப்படையில் ஒரே வடிவில் வந்தது. உழைத்தது, பழுது பார்க்க எளிதாயிருந்தது, விலையும் 300 டாலருக்குக் கீழே இறங்கியது. ஒன்றரைக் கோடி கார்கள் விற்ற பிறகு, வாங்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் வாங்கிவிட்டார்கள் என்பதே சிக்கலாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரெட் ஸ்லோன் இதற்கு வேறு வழி கண்டார். 1919-இலேயே அந்நிறுவனம் தவணைக்கடன் தரும் துணை நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. டூபான்ட்டின் விரைவில் உலரும் வண்ணப்பூச்சு 1920-களின் நடுவில் கிடைத்தது. 1927-இல் ஹார்லி எர்ல் தலைமையில் தோற்றத்தை மட்டும் கவனிக்கும் தனிப்பிரிவு அமைந்தது. ஆண்டுதோறும் உருவம் மாறியது. உள்ளே இயந்திரம் பெரும்பாலும் அதேதான். ஓடும் காரை வைத்திருந்தவருக்கே அது பழையதாகத் தெரிய ஆரம்பித்தது. 1927 மே மாதம் ஃபோர்டு மாடல்-டியை நிறுத்தினார்.

மின்விளக்கின் கதை இதைவிடப் பிரபலம். பல சமயம் மிகைப்படுத்தியும் சொல்லப்படுகிறது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. சந்தையைப் பங்கிட்டுக்கொண்டதோடு, வீட்டு விளக்கின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று வரையறுத்தன. விளக்குகளைச் சோதித்து, அதிகம் எரிந்தால் அபராதம் விதித்தன. ஆயுள் நீண்டால் ஒளி மங்கும், மின்சாரம் வீணாகும் என்று நிறுவனங்கள் சொன்னதில் இயற்பியல் நியாயம் இருந்தது. பிரிட்டனின் ஏகபோக விசாரணைக் குழு 1951-இல் அதை ஒப்புக்கொண்டது. நல்ல ஒளிதான் நோக்கம் என்றால் நீடித்து எரிந்த விளக்குக்கு ஏன் தண்டம் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. 1930-களின் நடுவுக்குள் விளக்கின் சராசரி ஆயுள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இரண்டாம் உலகப்போர் இக்கூட்டமைப்பைக் கலைத்தது.

பொருளின் ஆயுளைக் குறைக்கும் இச்சிந்தனையை நிறுவனங்களிலிருந்து நாட்டுக் கொள்கைக்கு ஏற்றும் முயற்சி பொருளாதார மந்தக் காலத்தில் நடந்தது. நியூயார்க்கின் பெர்னார்ட் லண்டன் 1932-இல் ஒரு சிறு வெளியீட்டில், ஒவ்வொரு பொருளுக்கும் அரசே ஆயுள் குறிக்க வேண்டும், காலம் முடிந்ததும் மக்கள் அதை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்றார். வேலையில்லாதவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்ற பரிவில் எழுதியது அது. யாரும் செவிசாய்க்கவில்லை. ஆனால் வணிகர்கள் கேட்டுக்கொண்டதற்காக, நன்றி நவிலும் நாளுக்குப் பின் தொடங்கும் கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம் நீளும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1939-இல் அந்த நாளையே ஒரு வாரம் முன்னே தள்ளினார். எதிர்ப்பு கிளம்பி, நவம்பரின் நான்காம் வியாழன் என்று 1941-இல் சட்டம் செய்து முடிக்க வேண்டியதாயிற்று.

போருக்குப் பின் இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தன. தேவைக்குச் சற்று முன்னதாகவே சற்றுப் புதியதை விரும்ப வைப்பதே வடிவமைப்பாளரின் வேலை என்று 1954-இல் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வெளிப்படையாகப் பேசினார். நுகர்வே வாழ்க்கைமுறையாக வேண்டியிருக்கிறது என்று அடுத்த ஆண்டு விக்டர் லெபோ எழுதியதைப் பலரும் ஒரு கட்டளையைப் போல மேற்கோள் காட்டுகிறார்கள்; சில்லறை வணிகம் போகும் திசையை அவர் விவரித்ததாகவும் கொள்ளலாம். அதே 1955 ஆகஸ்டில் லைஃப் இதழ், ஒரு குடும்பம் காகிதத் தட்டுகளையும் குவளைகளையும் வானத்தை நோக்கி வீசும் படத்தை வெளியிட்டது. இவற்றைக் கழுவியிருந்தால் 40 மணி நேரம் ஆகியிருக்கும் என்பது அதன் கணக்கு. யாருடைய 40 மணி நேரம் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பெண்ணின் உழைப்பைக் குறைக்க ஆண் கை கொடுத்திருக்கலாம். அந்த வழி இதழுக்குத் தோன்றவில்லை. 1956-இல் பிளாஸ்டிக் தொழிலதிபர்களின் மாநாட்டில் பேசிய லாயிட் ஸ்டவுஃபர் என்ற பத்திரிகை ஆசிரியர், பிளாஸ்டிக்கின் எதிர்காலம் குப்பைத்தொட்டியில்தான் என்றார். எச்சரிக்கையாக அல்ல, வளர்ச்சிக்கான யோசனையாக. இவற்றை வாங்கக் கடனும் வீடு தேடி வந்தது: 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது.

புட்டியின் கதை

பொறுப்பு கைமாறியதை மிகத் தெளிவாகக் காட்டுவது குளிர்பான, பீர் புட்டிகளின் வரலாறு. 1940-களின் இறுதிவரை அமெரிக்காவில் குளிர்பானம் அனேகமாக முழுவதும் திரும்பப் பெறும் கண்ணாடிப் புட்டிகளில்தான் விற்றது. பானத்தின் விலை 5 சென்ட் என்றால் புட்டிக்கு 2 சென்ட் முன்பணம். புட்டி நிறுவனத்தின் சொத்து; உடைந்தால் அதற்கே நட்டம். ஆகவே அது தடிப்பாக, பலமுறை கழுவத் தக்கதாகச் செய்யப்பட்டது. கழுவி நிரப்பும் ஆலை பக்கத்திலேயே இருக்க வேண்டியதால் ஊருக்கு ஊர் சிறு ஆலைகள் இருந்தன.

பீர் தகரக்குவளையில் விற்பனைக்கு வந்தது 1935-இல். கடல்கடந்த படைவீரர்களுக்கு அதுவே போனது. திரும்பி வராத கலன் பெரிய ஆலைகளுக்கு வாய்ப்பாக அமைந்தது. ஓரிடத்தில் நிரப்பி நாடெங்கும் அனுப்பலாம். காலிகளைச் சுமந்து வரும் லாரி வேண்டாம், கழுவும் கூடம் வேண்டாம். சிறு ஆலைகள் மூடின. காலிக் கலன்கள் சாலையோரத்துக்கு வந்தன.

எதிர்ப்பு சுற்றுச்சூழல்வாதிகளிடமிருந்து எழவில்லை; அன்று அப்படி ஓர் இயக்கமே இல்லை. வெர்மான்ட் மாநிலத்தின் பால்பண்ணை விவசாயிகள்தான் முதலில் எழுந்தார்கள். காரில் போகிறவர்கள் எறிந்த புட்டிகள் வைக்கோலில் கலந்து மாடுகளின் வயிற்றைக் கிழித்தன. 1953-இல் அம்மாநிலம் ஒருமுறைப் பீர் புட்டிகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்கன் கேன், ஓவன்ஸ்-இல்லினாய் ஆகிய கலன் நிறுவனங்கள் முன்னின்று ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ அமைப்பைத் தொடங்கின. கோக்கோ கோலாவும் டிக்ஸி குவளை நிறுவனமும் பிறகு சேர்ந்தன. கலனில் குற்றமில்லை, கண்ட இடத்தில் எறிபவரிடமே குற்றம் என்பது அதன் பிரச்சாரத்தின் சாரம். வெர்மான்ட் தடை 1957-இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது.

1971-இல் இவ்வமைப்பு வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில், குப்பையைப் பார்த்து ஒரு செவ்விந்தியர் கண்ணீர் விடுவார். நடித்தவர் இத்தாலிய வம்சாவளியினர் என்பது பின்னாளில் வெளிவந்த செய்தி. அந்தப் போலித்தனத்தைவிட அது செய்த வேலை பெரிது. குப்பையைத் தொடங்குபவர்களும் மக்களே, நிறுத்த வேண்டியவர்களும் மக்களே என்று அது நாட்டை நம்பவைத்தது. அதே ஆண்டில் ஓரிகன் மாநிலம் கலனுக்கு 5 சென்ட் முன்பணம் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. கலன் உற்பத்தியாளர்களும் பானத் தொழிலும் எதிர்த்தன. இன்றும் பத்து மாநிலங்களில் மட்டுமே இத்தகைய சட்டம் உள்ளது.

ஏற்ற ஆளில்லாத சரக்கு

பொறுப்பை ஏற்ற ஊர்கள் அதை எங்கே கொட்டின? நியூயார்க் நகரம் ஸ்டேட்டன் தீவின் சதுப்பு நிலத்தில் 1948-இல் ஃபிரெஷ் கில்ஸ் குப்பைமேட்டைத் தொடங்கியது. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். 2,200 ஏக்கர் பரப்பில் வளர்ந்து, 2001 மார்ச்சில்தான் மூடப்பட்டது. 1987-இல் நியூயார்க் பகுதியில் சேர்ந்த 3,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையுடன் புறப்பட்ட மோப்ரோ என்ற சரக்குப்படகை வட கரோலினா திருப்பி அனுப்பியது, லூசியானா மறுத்தது, மெக்சிகோவும் பெலீஸும் விரட்டின. மாதக்கணக்கில் கடலில் அலைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து, புரூக்ளினில் எரிக்கப்பட்டது. எல்லாம் தொலைக்காட்சியில் ஓடியது. மறுசுழற்சித் திட்டங்கள் அமெரிக்க நகரங்களில் பெருகியது அதையொட்டித்தான். ஆனால் அந்தத் திட்டங்களிலும் பிரித்து வைப்பவர் குடியிருப்பவர், செலவு செய்வது நகராட்சி. விற்றவருக்கு இதில் பங்கே இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு மாறான ஒரு சான்று உண்டு. நீலகிரிக் காடுகளில் எறியப்பட்ட மதுப் பாட்டில்கள் காட்டு விலங்குகளின் கால்களைக் கிழிப்பதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில், 2022-இல் டாஸ்மாக் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கியது. வெர்மான்ட் விவசாயிகள் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான். பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. கண்ணாடிப் பாட்டிலுக்குச் செய்ய முடிந்ததைக் குடிநீர், குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும். உற்பத்தியாளரின் பொறுப்பை 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. வாங்கியவர் கையில் திரும்பி வரும் காசாக அது இன்னும் மாறவில்லை.