கூகையும் வேர்முடிச்சும்

நெல் பொதி கட்டும் சமயத்தில் எங்கள் பாட்டா ஒரு வேலையைத் தவறாமல் செய்வார். தென்னை மட்டையைத் தலைகீழாக வயலுக்குள் நட்டு வைப்பார். இரவில் கூகை வந்து அதில் உட்காரும். வீட்டுக் கூரையில் அலறினால் 'சாக்குருவி' என்று விரட்டுகிற அதே பறவைக்கு வயலில் ஆசனம்! காலையில் மட்டையின் அடியில் கூகை கக்கிய உருண்டை கிடக்கும். பாட்டா அதை உடைத்து எலியின் எலும்பையும் ரோமத்தையும் எங்களுக்குக் காட்டுவார்.

கும்பப்பூ அறுவடை முடிந்ததும் அதே வயலில் பயறு விதைப்பார். "மண்ணுக்கு நல்லதுடே" என்பார். காரணம் அவருக்குத் தெரியாது. பயற்று வேரின் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகிறது. 1888இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜெரிங்க் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். ரைசோபியம் என்ற பெயர் பின்னால் வந்தது.

கூகை விளைந்ததைக் காத்தது. கண்ணுக்குத் தெரியாத மற்றது விளைய வைத்தது. இரண்டுக்கும் கூலி கிடையாது.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. சமஸ்தானமே அரிசிக்குத் தவித்தது. 1943இல் ஆலுவா அருகே ஃபாக்ட் உரக் கம்பெனி தொடங்கியது. 1947இல் அமோனியம் சல்பேட் வந்தது. 1966இல் ஐ.ஆர்.8 வெளியானது. அந்த நெல்லுக்கு உரம் நிறைய வேண்டும். உரம் நமக்குச் சோறு போட்டது, மறுக்க முடியாது.

ஆனால் மண்ணில் நைட்ரஜன் மிகுந்தால் பயறு முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். எலி மருந்து தின்ற எலியைப் பிடித்தால் கூகைக்கும் ஆபத்து. யூரியாவையும் எலி மருந்தையும் என் கையாலேயே போட்டவன் நான். பயறு விதைப்பதை விட்டேன். மட்டை நடுவதையும் விட்டேன். வேலை மிச்சம் என்று அன்று சந்தோஷம்தான்.

இன்று அதே பாக்டீரியாவைப் பாக்கெட்டில் விலைக்கு வாங்கி, விதையில் கலந்து விதைக்கிறேன். கூகையை அப்படி வாங்க முடியாது. மரப்பொந்தும் பழைய கட்டடமும் இருட்டும் இருந்தால் அதுவாக வர வேண்டும்.

இந்தக் கன்னிப்பூவுக்கு எலி மருந்து வைக்கவில்லை. வயலில் ஒரு மட்டை நட்டிருக்கிறேன். தினமும் காலையில் போய் அதன் அடியில் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் கிடக்கவில்லை.