எண்ணாகிப் போன பெயர்கள்: கலவை வட்டாரப் பட்டாளத்தாரைத் தேடும் முறை குறித்து

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, 1914–18 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனதையும் அவர்களில் 14 பேர் உயிர்நீத்ததையும் சொல்கிறது. ஒருவர் பெயரும் அதில் இல்லை. அந்நாளைய வட ஆர்க்காட்டின் தென்பகுதியான செங்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் நூலாகத் தொகுத்தது. மன்னனின் ஆட்சியாண்டு, ஊரை ஆண்ட தலைவன், நடந்த பூசல், பட்ட வீரனின் பெயர் ஆகியவை அக்கற்களில் வரிசையாக வருகின்றன. தொறு (ஆநிரை) மீட்கப் போய் மாண்ட ஊர்க்காவலனுக்குக் கிடைத்த இந்த மரியாதை, பேரரசுக்காகக் கடல் கடந்து மாண்டவனுக்குக் கிடைக்கவில்லை. இதைக் குறையென்று மென்மையாகச் சொல்லி நகர எனக்கு மனமில்லை, இது அநீதி.

கலவை, ஆர்க்காடு, திமிரி வட்டாரத்துக் குடும்பங்களில் அப்படிப் போனவரைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: “பட்டாளத்துக்குப் போனார், திரும்பவில்லை.” காகிதமெல்லாம் அழிந்திருக்கும் என்ற முடிவோடு பேரப்பிள்ளைகள் தேடலைக் கைவிடுகிறார்கள். அந்த முடிவு சரியன்று என்பதே என் வாதம். பெயர்களில் பெரும்பகுதி எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. ஆள்பெயரைக் கொண்டு தேடுவதால்தான் அது அகப்படுவதில்லை. ஊர்ப்பெயரைக் கொண்டு தேடினால் அகப்பட வாய்ப்பு மிகுதி.

காரணம் எளியது. முனுசாமி, சின்னசாமி, ஆறுமுகம் என்ற பெயர்கள் சென்னை மாகாணப் படைகளில் நூற்றுக்கணக்கில் இருந்தன. குடும்பப்பெயர் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆங்கில எழுத்தர்கள் ஒரே பெயரைப் பல விதமாக எழுதினார்கள். ஆனால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தகப்பன் பெயரும், மணமானவராயின் மனைவி பெயரும், அவற்றையடுத்து ஊர், வட்டம், மாவட்டமும் குறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் முனுசாமிகள் இருக்கலாம், கலவைக்காரர் சிலரே.

ஊரைத் தேடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. இன்று கலவை ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவட்டம் 2019இல்தான் பிறந்தது. போர்க்காலப் பதிவில் அது வட ஆர்க்காடு. அதிலிருந்து சித்தூர் 1911இல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் பழைய பழக்கத்தில் சில ஊர்கள் மாறி எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதால், எல்லையோர ஊர்க்காரர்கள் இரண்டு மாவட்டங்களின் கீழும் பார்ப்பது நல்லது.

எந்தப் படைப்பிரிவு என்பது அடுத்த கேள்வி. 1880களில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணம் இழந்தவர்கள் என்ற கருத்தைப் பரப்பினார். வடக்கத்திச் சாதிகளே ‘வீர இனம்’ என்ற கொள்கை வேரூன்றிச் சென்னைக் காலாட்படை சுருங்கியது. ஆகவே 1914இல் தமிழர் பலர் சேர்ந்த இடங்கள் சாப்பர்ஸ் (படைப் பொறியாளர்), பயனியர் போன்ற பணிப்படைகளும், போக்குவரத்துப் பிரிவுகளும், பின்னர் தொழிலாளர் படைகளும்தான். மாகாணம் அளித்த ஆட்களில் போர்வீரர் சுமார் 51 ஆயிரம், போரிடாப் பணியாளர் சுமார் 41 ஆயிரம். பஞ்சாபில் பணியாளர் பங்கு இதைவிட மிகக் குறைவு. சமையல், தண்ணீர், துப்புரவு, செருப்பு வேலைகளுக்குப் போனவரைக் குடும்பம் “பட்டாளத்தார்” என்றே நினைவில் வைத்திருக்கும். பதிவேடு அவரைப் பின்னணிப் பணியாளர் பட்டியலில் வைத்திருக்கும். தோல் பதனிடுவதில் பேர்பெற்ற இவ்வட்டாரத்தில் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் விடுவது பெரும்பிழை.

பதக்கம் வீட்டில் இருந்தால் அது முதல் தரச் சான்று. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் போர்வீரருக்கு வெள்ளியில் தரப்பட்டது. தொழிலாளர் படையினருக்கு வெண்கலம். இரண்டின் விளிம்பிலும் எண், பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளி அடகுக்கடைக்கும் உருக்குக்கும் போயிருக்கும். வெண்கலத்துக்கு விலை இல்லை என்பதால் அது தகரப்பெட்டியில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பிலுள்ள எண் கிடைத்துவிட்டால், சாப்பர்ஸ் வீரரானால் பெங்களூரின் சென்னைப் பொறியாளர் குழுவையும், பிற்காலக் காலாட்படையானால் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தையும் குறிப்பிட்ட கேள்வியோடு அணுகலாம்.

நினைவுச்சின்னங்களை மட்டும் நம்பக்கூடாது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை நினைவுகூரும் பஸ்ரா நினைவிடத்தில் இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்கவில்லை. படைப்பிரிவின் பெயரும் தொகையும் மட்டுமே உண்டு. மணிக்கூண்டின் 14 போலத்தான் அதுவும். ஆணையமே அமைத்த குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் மாண்ட குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் மத்திய கிழக்கினரும். இந்தியரைப் பொறுத்தவரை கல்லில் விட்ட பெயர் பல சமயம் ஆணையத்தின் இணையப் பதிவில் இருக்கிறது. கல்லில் இல்லை என்பதைப் பதிவில் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் தேடுவோர் பலர் வழி தவறும் இடம்.

ஊர் திரும்பி இறந்தவர்கள் இன்னும் மறைந்து கிடக்கிறார்கள். மெசபடோமியாவில் குண்டுக்கு ஈடாக நோயும் கொன்றது. காய்ச்சலோடும் வயிற்றுக்கடுப்போடும் வீடு வந்து ஓரிரு மாதத்தில் கண்மூடியவரைக் குடும்பமே போரில் இறந்தவராகக் கருதுவதில்லை. ஆணையத்தின் விதி வேறு: 1914 ஆகஸ்டு 4க்கும் 1921 ஆகஸ்டு 31க்கும் இடையே, பணியிலிருக்கையில் இறந்தவரும், விலகிய பின் பணியால் வந்த நோயில் இறந்தவரும் நினைவுகூரத் தகுதியுடையவரே. இவர்களுக்கு ஆதாரம் லண்டனில் இருக்காது. கிராம முன்சீப் எழுதிய இறப்புப் பதிவேட்டில், நாளும் நோயும் குறித்த ஒரு வரியாக இருக்கும். கலவை வட்டத்து ஊர்களின் 1916 முதல் 1921 வரையான இறப்புப் பதிவேடுகளில் எஞ்சியவற்றைத் தேடியெடுத்து, இளவயது ஆண்களின் மரணங்களைப் படைப்பட்டியலோடு ஒப்பிடும் வேலையை இங்குள்ள வரலாற்றுத் துறைகள் உடனே தொடங்க வேண்டும். தனிக்குடும்பம் ஒன்றால் செய்து முடிக்கக்கூடிய வேலையன்று அது.