பெண் பிறப்புறுப்பின் அரிய மென்திசுக் கட்டிகள்

பெண் பிறப்புறுப்பின் வெளி இதழ்களிலும் அவற்றையொட்டிய இடுப்படியிலும், தோலுக்கு அடியிலுள்ள இணைப்புத் திசு, கொழுப்பு, தசை, இரத்தக் குழாய்களில் தோன்றும் கட்டிகள். இப்பகுதியின் தோலில் வரும் புற்று இவற்றிலிருந்து வேறானது. வலி பெரும்பாலும் இராது. மெத்தென்ற வீக்கமாக மெல்ல வளரும். உட்காரும்போது உறுத்துகிறது என்று ஒரு பெண் வாய்திறந்து சொல்வதற்குள் சில ஆண்டுகள்கூடப் போயிருக்கும்.

1983-இல் ஸ்டீப்பர், ரோசாய் இருவரும் ஒன்பது பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து 'அக்ரசிவ் ஆஞ்சியோமிக்சோமா' என்ற தனி வகையைப் பிரித்தனர். பெயரிலுள்ள 'அக்ரசிவ்' (மூர்க்கமான) என்ற சொல் கேட்பவரை அச்சுறுத்துகிறது. அண்டைத் திசுக்களுக்குள் ஊடுருவி, எடுத்த இடத்திலேயே மீண்டும் முளைக்கும் என்பதே அதன் பொருள். பிற உறுப்புகளுக்குப் பரவியதாகப் பதிவானவை மிகச் சில. 'ஆழ் ஆஞ்சியோமிக்சோமா' என்ற மாற்றுப் பெயரே பொருத்தமானது. 1992-இல் ஃபிளெட்சர் குழுவினர் பத்துக் கட்டிகளை வைத்து ஆஞ்சியோமயோஃபைப்ரோபிளாஸ்டோமாவை வேறாக்கினர். இதன் எல்லை தெளிவானது. முழுதாக எடுத்தால் திரும்புவது அரிது. செல்லுலர் ஆஞ்சியோஃபைப்ரோமா 1997-இல் நூச்சி முதலியோரால் விவரிக்கப்பட்டது. மூன்றும் நுண்ணோக்கியில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் சாயச் சோதனைகளும் மரபணுச் சோதனைகளும் தேவைப்படுகின்றன. முதல் வகையில் எச்.எம்.ஜி.ஏ.2 மரபணுவின் மாற்றமும், கடைசி வகையில் ஆர்.பி.1 மரபணுவின் இழப்பும் துணைச் சான்றுகள்.

மென்திசுக் கட்டி எடுத்த இடத்திலேயே திரும்புவதற்குத் திருச்சுழி ஊரார் அறிந்த சான்று ஒன்றுண்டு. 1879-இல் அவ்வூரில் பிறந்த ரமண மகரிஷிக்கு இடக்கையில் வந்த சதைப்புற்றை 1949-இல் நான்கு முறை அறுத்தெடுத்தும் அது மறுபடி வளர்ந்தது. கையை நீக்கும் யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். அது கொடிய வகை. இங்கே கூறப்படும் மூன்றும் உயிரைப் பறிப்பது மிக அரிது. இந்த வேறுபாட்டை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பெரும் பிழை தொடக்கத்தில்தான் நேர்கிறது. இதழருகே வீக்கம் என்றதும் பார்த்தோலின் நீர்க்கட்டி என்றோ கொழுப்புக் கட்டி என்றோ குடலிறக்கம் என்றோ கருதிக் கீறிவிடுகிறார்கள். வெளியே எலுமிச்சை அளவாகத் தெரிவது உள்ளே இடுப்புக்குழிவரை நீண்டிருக்கலாம். கத்தி வைக்குமுன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், ஆழ் ஆஞ்சியோமிக்சோமா அதில் அடுக்கடுக்கான சுழிகளாகத் தெரியும். பின்னர் பயாப்சி.

சிகிச்சை அறுவைதான். மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் சேர்த்து அகல வெட்டுவது தேவையற்றது. ஓரத்தில் சிறிது எஞ்சினாலும் உறுப்பைக் காப்பதே முறை. ஆழ் ஆஞ்சியோமிக்சோமாவின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஏற்பிகள் இருப்பதால், ஹார்மோனை அடக்கும் லூப்ரோலைடு ஊசி சிலருக்குக் கட்டியைச் சுருக்குகிறது. பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால் கண்காணிப்பை நிறுத்தலாகாது.

இத்தகைய வீக்கத்துக்குத் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தார் நாட, 2022-இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன.