மூலாதாரத்துக்கு ஒரு போட்டோ!

'சின்ன சிங்கப்பூர்' என்று செல்லப் பெயர் வாங்கிய ஊர் கூத்தாநல்லூர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற சாலையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பல வருடம் வைத்தியம் பார்த்த டாக்டரம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்:

''வயசான அம்மாக்கள் வருவாங்க. சுகர், மூட்டு வலி எல்லாம் சொல்லி, சீட்டு வாங்கிட்டு எழுந்திருப்பாங்க. கதவுல கை வெச்ச பிறகுதான் திரும்பிப் பார்த்து, 'டாக்டரம்மா, இன்னொண்ணு... அடி இறங்கினாப்ல இருக்கு. தும்மினா துணி நனைஞ்சுடுது'ம்பாங்க. எத்தனை நாளா இருக்குன்னு கேட்டா, 'சின்னவன் பொறந்ததுலேர்ந்து'ன்னு பதில் வரும். அந்தச் சின்னவன் துபாய்ல வேலை பார்ப்பான். அவனுக்கே ரெண்டு பிள்ளை இருக்கும்!''

இதில் ஊர், மதம் வித்தியாசமெல்லாம் கிடையாது. உடம்பின் அந்தப் பகுதியைப் பற்றிப் பேச நமக்கு எப்போதுமே வெட்கம். தமிழ் இலக்கணத்தில் அதற்கென்றே 'இடக்கரடக்கல்' உண்டு. 'கால் கழுவி வந்தேன்' என்றால் போதும், புரிந்துகொள்ள வேண்டும்!

வேடிக்கை என்னவென்றால், இதே கூத்தாநல்லூருக்குப் பக்கத்து ஊரான திருவாரூரைத்தான் சைவ மரபு 'மூலாதாரத் தலம்' என்கிறது. மனித உடம்பின் ஆறு ஆதாரங்களுக்கு ஆறு தலங்கள். அதில் அடித்தளமான மூலாதாரம் ஆரூருக்கு. அடித்தளத்தைக் கும்பிடத் தெரிந்த நமக்கு, அது எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்விட்டது.

முயற்சி செய்யாமல் இல்லை. சுமார் 2,000 வருடத்துக்கு முந்தைய சுஸ்ருத சம்ஹிதை மலவாயை நாலரை அங்குலம் என்று (அதாவது விரல் அகலக் கணக்கில்) அளந்து, அதில் மூன்று மடிப்புகள் உண்டு என்கிறது. பிரவாகணி, விசர்ஜனி, சம்வரணி. தள்ளுவது, விடுவது, மூடுவது! வேலையை வைத்தே பெயர் வைத்த அந்த மூளைக்கு ஒரு சபாஷ்.

ஐரோப்பாவில் 1543-ல் வெசேலியஸ் தன் புகழ்பெற்ற உடற்கூறு நூலை வெளியிட்டார். அவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அறுத்துப் பார்த்தது பிணங்களை. பெரும்பாலும் தூக்கிலிடப்பட்ட ஆண்கள். அங்கேதான் சிக்கல். கையோ காலோ, செத்த பிறகும் ஏறக்குறைய அதே வடிவம்தான். ஆனால், இடுப்புக்கு அடியில் இருக்கும் தசை அப்படியல்ல. நாம் தூங்கும்போதும் அது விறைப்பாக இருந்து குடல், சிறுநீர்ப்பை, கருப்பை மூன்றையும் தாங்குகிறது. உயிர் போனால் தொய்ந்துவிடும். தொய்ந்ததைப் பார்த்து வரைந்தார்கள். அடித்தளம் என்பது ஒரு கிண்ணம் மாதிரி என்று பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன.

எக்ஸ்-ரே எலும்பைத்தான் காட்டும். உயிருள்ள தசையை அறுக்காமல் பார்க்க எம்.ஆர்.ஐ. வர வேண்டியிருந்தது. 1977-ல் ரேமண்ட் டமேடியன் குழு முதன்முதலாக ஒரு மனிதரின் மார்பைப் படமெடுக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆயிற்று. இன்று பூமியின் காந்தத்தைப் போல சுமார் 30,000 மடங்கு வலுவுள்ள குழாய்க்குள் படுத்தால், உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கொடுக்கும் சிக்னலே படமாகிவிடுகிறது.

அதில் என்ன தெரிகிறது? காவிரிப் பாசனக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்... ஒரு மதகு! இரண்டு வளையங்கள். உள்வளையம் நம்மைக் கேட்காமல் தானே மூடியிருக்கும். வெளிவளையம் லஸ்கர் கையில் இருக்கும் ஷட்டர் மாதிரி, நாம் சொன்னால்தான் இறுகும். இவற்றுக்கு மேலே, முன்பக்க எலும்பிலிருந்து கிளம்பி மலக்குடலைப் பின்னால் சுற்றி, மறுபடி முன்பக்கமே வந்து சேரும் ஒரு தசைக் கயிறு. அது குடலை முன்னுக்கு இழுத்து வளைத்துப் பிடித்திருக்கிறது.

1997-ல் ஸ்காண்டிநேவிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, தலைப்பிலேயே குட்டை உடைத்தது. பெண்ணின் இடுப்புத் தளம் கிண்ணமல்ல, குவிமாடம்! முக்கும்போதுதான் அது கிண்ணமாக இறங்குகிறது. நானூறு வருடத்துக்கும் மேலாகப் பார்த்து வரைந்தது, உயிரில்லாத தளத்தை.

இயல்பான வடிவம் தெரிந்தால்தானே காயம் தெரியும்? 2003-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் டிலான்சி குழு, பிள்ளை பெறாத 80 பெண்களையும், ஒரு குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்ற 160 பெண்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்தது. முதல் கூட்டத்தில் ஒருவருக்குக்கூடத் தசையில் பழுது இல்லை. இரண்டாவதில் 32 பேருக்கு இருந்தது. (அந்த 160 பேரில் பாதி, சிறுநீர்க் கசிவு இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எனவே, ஐந்தில் ஒருவர் என்று ஊருக்கே கணக்குப் போட வேண்டாம்!) அடுத்த வருடம் அதே குழுவினர் கம்ப்யூட்டரில் ஒரு பிரசவத்தை நடத்திப் பார்த்தபோது, தசையின் ஒரு பகுதி மூன்று மடங்குக்கு மேல் இழுபடுவது தெரிந்தது.

'பொம்பளை ஜென்மம்னா அப்படித்தான்' என்று நம் பாட்டிகளுக்குச் சொல்லப்பட்டது விதியல்ல, ஒரு காயம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். இதற்கு மட்டும் ஏன் மௌனம்?

1948-லேயே டாக்டர் கெகல், இந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எழுதிவைத்தார். நம் ஹடயோகத்தின் மூலபந்தத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி! பலருக்கு அந்தப் பயிற்சியே போதும். மற்றவர்களுக்குத் தாங்கிப் பிடிக்கும் வளையம், அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. வாய் திறந்து சொல்வதுதான் தேவை.

அந்த டாக்டரம்மா இப்போதெல்லாம் காத்திருப்பதில்லையாம். சுகர் பற்றிக் கேட்கும்போதே, ''தும்மினா, இருமினா ஏதாச்சும் தொந்தரவு உண்டாம்மா?'' என்று சாதாரணமாகக் கேட்டுவிடுகிறார்.

''பாதிப் பேர் முதல்ல சிரிப்பாங்க. அப்புறம், எழுந்தவங்க மறுபடி உட்கார்ந்துடுவாங்க சார்'' என்றார்.