பெரியம்மையும் நிரப்பிக் கட்டுப்பாட்டுப் புரதங்களும்

பெரியம்மை நச்சுயிரி மனித உடலின் காவலை எவ்வாறு ஏமாற்றியது என்ற கேள்விக்கு முக்கியமான ஒரு விடை, அந்நோய் ஒழிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது.

நோயின் காலம்

விருதுநகர் வட்டாரத்தில் பெரியம்மை கண்டால் 'அம்மை இறங்கியிருக்கிறது', 'முத்துப் போட்டிருக்கிறது' என்பர். வாசலில் வேப்பிலை செருகுவர். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வர். கடும் வகை நோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். பிழைத்தவர் சிலர் பார்வை இழந்தனர். 1899-இல் கிண்டியில் தோன்றிய கிங் நிலையம் தடுப்புக்கான அம்மைப்பாலைத் தயாரித்தது. 1962-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1975-க்குப் பின் இந்தியாவில் நோய் இல்லை. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

புரதங்களின் அமைப்பு

குருதியிலுள்ள நிரப்பிப் புரதங்கள் கிருமிகளை அழிக்க உதவுபவை. இவற்றை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஜூல்ஸ் போர்டே 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். சிவகாசிச் சரவெடியைப்போல, இவற்றில் ஒன்று தூண்டப்பட்டால் அடுத்தடுத்தவை தூண்டப்படும். கட்டுமீறினால் சொந்த உயிரணுக்களே சேதமடையும்.

இதைத் தடுப்பவை கட்டுப்பாட்டுப் புரதங்கள். ஒரே மாதிரியான மணிகளைக் கோத்ததுபோல் இவை அமைந்துள்ளன. ஒவ்வொரு கூறிலும் ஏறத்தாழ 60 அமினோ அமிலங்கள் உண்டு. நான்கு சிஸ்டீன்கள் இரண்டு கந்தகப் பிணைப்புகளாகி அதன் வடிவத்தைக் காக்கின்றன. 'காரணி எச்' என்ற புரதத்தில் இத்தகைய கூறுகள் 20. அது சி3பி என்னும் நிரப்பிப் புரதத்தைப் பற்றிக்கொள்ள, 'காரணி ஐ' என்ற நொதி சி3பியை வெட்டுகிறது. தொடர் அங்கே அறுகிறது.

நச்சுயிரியின் தந்திரம்

தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா நச்சுயிரியும் நான்கு கூறுகள் கொண்ட இத்தகைய புரதத்தை உண்டாக்குவது 1988-இல் தெரியவந்தது. இதற்கான மரபணு ஓம்புயிரியிடமிருந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. பெரியம்மை நச்சுயிரியின் புரதம் அதிலிருந்து 11 அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. ஆயினும் மனித சி3பியைச் செயலிழக்கச் செய்வதில் அது ஏறத்தாழ 100 மடங்கு வலிமையானது என 2002-இல் கண்டறியப்பட்டது. இவ்வலிமைக்கு எந்த மாற்றங்கள் காரணம் என்பதைப் புணே தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் அரவிந்த் சாகுவின் குழு ஆராய்ந்தது.

இன்றைய பயன்

நோய் ஒழிந்தாலும் இவ்வறிவு பயன்படுகிறது. 'காரணி எச்' மரபணுவின் மாறுபாடுகள் முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவுடனும் அரிதான ஒரு சிறுநீரக நோயுடனும் தொடர்புடையவை.