சொல்லாமல் விட்ட மாத்திரை

ஒரு புதிய மருந்து கடைக்கு வருவதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்துச் சோதித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சில ஆயிரம் பேருக்குத்தான். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் ஈரலைக் கெடுக்கக்கூடிய மருந்து, மூவாயிரம் பேரிடம் நடந்த சோதனையில் எந்தத் தீங்கையும் காட்டாமல் தேறிவிடலாம். போதாக்குறைக்கு, கருவுற்ற பெண்களையும் பல நோய்கள் உள்ள முதியோரையும் இச்சோதனைகளில் சேர்ப்பது மிகக் குறைவு. ஆகவே மருந்தின் பெரிய பரிசோதனை அது விற்பனைக்கு வந்த பிறகே தொடங்குகிறது. அதற்கு உட்படுகிறவர்கள் நாம்தாம்.

உலகம் இதை உணர்ந்தது 1961-ஆம் ஆண்டில். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1957 அக்டோபரில், மேற்கு ஜெர்மனியில் 'கான்டெர்கான்' என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த பொருளின் பெயர் தாலிடோமைட். அது மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். டாக்டரின் சீட்டு இல்லாமலே வாங்கலாம். கர்ப்பிணிகளும் அதை உட்கொண்டனர். சிறிது காலத்தில், கைகால்கள் சரியாக வளராத குழந்தைகள் ஆங்காங்கே பிறக்கலாயின.

ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் காரணத்தைத் தேடினார். தாய்மார்களிடம் வினாப் பட்டியல் கொடுத்து, என்னென்ன உட்கொண்டீர்கள் என்று கேட்டார். முதலில் சிலர்தாம் கான்டெர்கானைக் குறிப்பிட்டார்கள். ஐயம் கொண்ட லென்ஸ் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லியே மறுபடியும் விசாரித்தார். அப்போது மேலும் பலர் ஆமென்றனர். தீங்கற்ற மாத்திரைதானே, இதைப் போய் எழுதவேண்டுமா என்று விட்டிருந்தார்கள்! இந்தச் சிறு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் வரலாறு முழுவதும் அது நம்மோடு வரும்.

1961 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் அம்மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதம் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மக்பிரைட் 'லான்செட்' இதழில் சிறு கடிதம் எழுதி, இதுபோன்ற குழந்தைகளை வேறு யாரேனும் கண்டதுண்டா என்று கேட்டார். அதற்குள் பாதிக்கப்பட்டுவிட்ட குழந்தைகள் பல நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

மருத்துவர்களின் ஐயங்களை ஓரிடத்தில் சேர்த்துவைக்க ஓர் ஏற்பாடு அதுவரை இல்லை. 1964-இல் பிரிட்டனில் அது வந்தது. சர் டெரிக் டன்லப் தலைமையிலான குழு நாட்டின் டாக்டர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதி, மஞ்சள் நிற அட்டைகளை அனுப்பியது. மருந்தால்தான் கெடுதல் நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஐயம் தோன்றினாலே எழுதி அனுப்பலாம். என் கருத்தில், இத்திட்டத்தின் சிறப்பே இந்த ஒரு சலுகைதான். நிரூபணம் கேட்டிருந்தால் யார் எழுதியிருப்பார்கள்?

எனினும் அட்டை மட்டும் இருந்தால் போதுமா? பிராக்டலால் என்ற இதய மருந்து பதில் சொல்லிற்று. 1970-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த அந்த மருந்து, விலங்குகளிடம் நடந்த சோதனைகளில் பின்னால் தெரிந்த தீங்கு எதையும் காட்டவில்லை. மனிதர்களிலோ, நீண்டகாலம் உட்கொண்ட சிலருக்குக் கண்ணீர் வற்றியது, விழி புண்ணாகியது, சிலர் பார்வையையும் இழந்தனர். தோலில் தடிப்புகள் வந்தன. வயிற்றின் உட்சவ்வு தடித்துப்போனவர்களும் உண்டு. மஞ்சள் அட்டை எல்லா டாக்டர்களிடமும் இருந்தும், இதைச் சொல்லி வந்த அட்டைகள் மிகச் சில. கண் வறண்டால் மனிதன் கண் டாக்டரிடம் போகிறான்; இதயத்துக்கு வேறொருவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி அங்கே பேச்சு எழுமா? லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் ரைட் இத்தகைய நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 1975-இல் செய்தியை வெளியிட்டார். அதன் பிறகே டாக்டர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டினார்கள். அட்டைகள் வந்து குவிந்தன.

இதற்கிடையில் உலக சுகாதார நிறுவனமும் களத்தில் இறங்கியிருந்தது. 1968-இல் பத்து நாடுகளின் அறிக்கைகளைச் சேர்க்கத் தொடங்கிய அதன் திட்டம், 1978-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகருக்கு மாறியது. அறிக்கைகள் ஆயிரங்களிலிருந்து இலட்சங்களாயின. ஒவ்வொன்றாகப் படித்து நினைவில் வைப்பது மனித மூளைக்கு இயலாத காரியம். கணிப்பொறி வந்தது.

ஆனால் கணிப்பொறி எதை எண்ணுவது? ஒரு மருந்தைப் பற்றி 41 அறிக்கைகள் வந்தால் அது அதிகமா, குறைவா? அம்மருந்தை உட்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் வகுத்துப் பார்க்கலாம். அந்த எண் அறிக்கைகளில் இல்லை. இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட எளிய தந்திரம் ஒன்று உண்டு. மக்கள் தொகையை விட்டுவிட்டு, அறிக்கைகளை அறிக்கைகளோடே ஒப்பிடுவது!

பிரிட்டனின் எவன்ஸ், வாலர், டேவிஸ் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட கணக்கையே நாமும் போட்டுப் பார்ப்போம். ரிஃபாபுட்டின் என்பது நுண்கிருமிகளைக் கொல்லும் மருந்து. அதைப் பற்றி மஞ்சள் அட்டைத் தொகுப்பில் இருந்த 55 பதிவுகளில் 41, யுவியைட்டிஸ் எனப்படும் கண் அழற்சியைச் சொன்னவை. அதாவது நான்கில் மூன்று பங்கு. மற்ற மருந்துகள் அனைத்துக்கும் சேர்த்து இருந்தவை ஏறத்தாழ 5,92,000 பதிவுகள். அவற்றில் இக்கண்நோய் 754 மட்டுமே. ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால். முதல் விகிதத்தை இரண்டாவதால் வகுத்தால் சுமார் 585 வருகிறது. இரண்டு மடங்கே ஐயத்துக்குப் போதும் என்பது அவர்கள் வைத்த அளவு. குறைந்தது 3 அறிக்கைகள் இருக்க வேண்டும், தற்செயலாக நேர்ந்ததா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனையில் மதிப்பு 4-க்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. ரிஃபாபுட்டின் கண்ணைத் தாக்கும் என்பது முன்பே தெரிந்த செய்திதான். தெரிந்ததைச் சரியாகக் காட்டுகிற கருவியைத்தானே தெரியாததற்கும் நம்பலாம்?

பதினைந்து புதிய மருந்துகளுக்கு இம்முறையைக் கையாண்டபோது 481 எச்சரிக்கைக் குறிகள் கிடைத்தன. அவற்றில் 70 சதவீதம் ஏற்கெனவே அறிந்த விளைவுகள். 13 சதவீதம், மருந்தால் அல்லாமல் நோயாலேயே வந்திருக்கக்கூடியவை. மீதி 17 சதவீதமே மேலும் ஆராய வேண்டியவை. தரவு அகழ்வு என்று இன்று பெரிதாகப் பேசப்படுவது இங்கே செய்தது இதுதான்: குவியலில் எந்த அட்டைகளை முதலில் எடுத்துப் படிக்கலாம் என்று விரல் காட்டியது. காரணம் இதுவே என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. உப்சாலாவில் 1998-லேயே வேறொரு கணித முறையை அமைத்திருந்தார்கள். அதன் கணக்கு இன்னும் நுட்பமானது. அதனாலும் விரல் காட்டத்தான் முடியும்.

எழுதப்படாததை எந்தக் கணிப்பொறியாலும் எண்ண முடியாது. 1999-இல் வந்த மூட்டுவலி மருந்து ரோஃபெகாக்சிப்பைப் பாருங்கள். அது மாரடைப்பைக் கூட்டியது. மூட்டுவலிக்கார முதியவருக்கு மாரடைப்பு வந்தால் யார் மாத்திரையைச் சந்தேகிப்பார்கள்? கையில்லாக் குழந்தை எவர் கண்ணையும் உறுத்தும். மாரடைப்பு அப்படி உறுத்துவதில்லை. இம்மருந்து குடலில் வளரும் சிறு கட்டிகளைத் தடுக்குமா என்று, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய வேறொரு சோதனையில்தான் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று ஐயமறத் தெரிந்தது. 2004 செப்டம்பர் 30 அன்று மருந்து திரும்பப் பெறப்பட்டது.

உப்சாலாத் தொகுப்பில் இப்போது 3 கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் உள்ளன. இந்தியாவும் அதற்கு அனுப்புகிறது. நம் நாட்டுத் திட்டம் 2010-இல் தொடங்கியது. காஸியாபாதிலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை நடத்துகிறது. மாதவிடாய் வலிக்குப் பலரும் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் மெஃபெனமிக் அமிலத்தால் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவை சேர்ந்த கடும் ஒவ்வாமை சிலருக்கு வரலாம் என்று 2023 நவம்பரில் அந்த ஆணையம் எச்சரித்ததும், இப்படி வந்த அறிக்கைகளைப் பார்த்துத்தான். நோயாளிகளே நிரப்பி அனுப்பத் தமிழிலும் படிவம் உண்டு. டாக்டர்கள் நிரப்பும் படிவத்தில் ஐயத்துக்குரிய மருந்தை எழுதும் இடத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது. நோயாளி தாமாக வாங்கிச் சாப்பிட்டவை, நாட்டு மூலிகைகள் உட்பட, அதே சமயத்தில் உட்கொண்ட மற்றவற்றையெல்லாம் அங்கே எழுதவேண்டும்.