முற்றும் எச்சமும்: ஒரு திரைத்தொடரின் எல்லை

கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் முத்தொடர் 2012 ஜூலையில் நிறைவுற்றது. அதே ஆண்டு மே மாதம் வெளியான 'தி அவெஞ்சர்ஸ்', தனித்தனிப் படங்களின் நாயகர்களை ஒரே கதையுலகில் கூட்டிப் பெருவெற்றி கண்டிருந்தது. 2013-இல் சூப்பர்மேனின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்தது. அதன் தயாரிப்பாளர்களுள் நோலனும் ஒருவர். எனவே, முடிந்த முத்தொடரையும் இப்புதிய உலகோடு இணைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இணைக்காததே சரி என்பது என் துணிபு. அதற்கான காரணம் ரசனையில் அன்று, வடிவத்தின் வரலாற்றில் உள்ளது.

பொதுப் பிரபஞ்சம் திரைப்படத்தின் கண்டுபிடிப்பன்று. காமிக்ஸ் இதழ்களில் பிறந்தது. 1940-இலேயே 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழ் பல நாயகர்களை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்திவிட்டது. தொடர்ந்து விற்றாக வேண்டிய இதழுக்கு முடிவு என்பது நட்டம். ஆகவே நாயகர் மூப்பதில்லை, மாண்டாலும் மீள்வர். பல பதிற்றாண்டுகளின் கதைகள் முரண்பட்டுக் குவிந்தபின், 1985-இல் தொடங்கிய 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' பல உலகங்களை அழித்து ஒன்றாக்க வேண்டியதாயிற்று.

நோலனின் தொடர் இதற்கு நேர்மாறானது. அதன் நாயகன் மூப்படைகிறான். மூன்றாம் படத்தில் கைத்தடி ஊன்றி வருகிறான். இறுதியில் முகமூடியைத் துறக்கிறான். இரண்டாம் படத்தில் இரு படகுகளின் பயணிகள், மற்றப் படகைத் தகர்க்கும் விசை தம் கையிலிருந்தும் அதை இயக்க மறுப்பதை நினைவுகூர்க. பறந்து வந்து காக்கக்கூடிய ஒருவன் அவ்வுலகில் இருந்தால் அம்மறுப்பு எடையிழக்கும்.

இலக்கணத்தால் விளக்குவதாயின், முத்தொடர் வினைமுற்று. பொதுப் பிரபஞ்சப் படம் வினையெச்சம். 'வந்தான்' என்பதை 'வந்து' ஆக்கினால் வாக்கியம் நீளலாம். பெற்றிருந்த நிறைவு பறிபோகும்.

இணைத்தால் என்னாகும் என்பதற்குச் சான்றும் உண்டு. 'ஸ்பைடர்மேன் 2' (2004) படத்தில் டாக்டர் ஆக்டோபஸ் தன் பிழையுணர்ந்து, தான் படைத்த உலையோடு நீரில் மூழ்குகிறான். 2021-இன் 'நோ வே ஹோம்' வேறோர் உலகிலிருந்து அவனை அழைத்துவந்து குணப்படுத்துகிறது. அரங்கம் ஆர்ப்பரித்தது, ஆனால் அவன் தானே தேர்ந்த மீட்சியை மற்றவர் கைக்கருவி தந்துவிட்டது.

பேட்மேன் பிற கதைகளில் வாழத் தடையில்லை. 2016-இல் சூப்பர்மேனோடு மோதியவன் பென் அஃப்லெக் ஏற்ற வேறொரு பேட்மேன். பாத்திரம் பொதுச்சொத்துப்போல் புழங்கலாம். முடிவு அந்தந்தப் பனுவலுக்கே உரியது. தழுவல்களை ஆராயும் மாணவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிவது நன்று.